எதிர் மேட்டுக்குப் போக மெயின் ரோடு வரை இறங்க வேண்டும்

கண்டியில் பெரியம்மா வீடு கட்டுகஸ்தோட்டை வீதிக்கு மேலே. முற்றத்தில் நின்றால் எதிர் மேட்டில் சித்தி துணி காயப்போடுவது தெரியும். அந்த வீட்டுக்கு இனி நடந்து போக முடியாது என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

முன்பு வேலியோரமாக இறங்கி, ஓடையைத் தாண்டி, படி ஏறினால் பத்து நிமிஷம். இப்போது குறுக்கே மதில், இரும்புக் கேட், பூட்டு. பழைய கருங்கல் படியில் கடைசி இரண்டு மட்டும் மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சரி என்று ஆட்டோ பிடித்தேன். போனில் பார்த்தால் இரண்டு மேட்டு ரோடுகளும் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. "மேப்புல அப்படித்தான் தெரியும் அண்ணே, போக ஏலாது" என்றார் ஆட்டோத் தம்பி. மெயின் ரோட்டுக்கு இறங்கி, பள்ளிக்கூடம் விட்ட நேரத்து நெரிசலில் ஊர்ந்து, அடுத்த கிளை ரோட்டில் ஏறிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம்.

காணியைப் பேர்ச் என்ற சின்ன நில அளவுக் கணக்கில் வெட்டி விற்கிறவர் நடுவில் ஒரு ரோடு போடுகிறார். அது அவர் எல்லையோடு முடிகிறது. பக்கத்துக் காணிக்காரரும் அப்படியே. ஊர் பெருக்கப் பெருக்க ரோடுகள் கூடுகின்றன, ஒன்றோடொன்று சேருவதில்லை. ஏற்கெனவே மகாவலி மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிற ஊர். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னேக்கும்புற என்று சில பாலங்களை நம்பித்தான் வாகனமெல்லாம். அரசர் காலத்து டவுன் வீதிகள் அப்படியில்லை, ஒன்றோடொன்று சேருகின்றன. யட்டிநுவர வீதி அடைத்தால் கொழும்பு வீதியால் வெட்டி கொட்டுகொடெல்ல வீதிக்குப் போய்விடலாம்.

மலையில் ரோடு எப்படிச் சேரும் என்று கேட்பார்கள். ரோடு ஏறாத இடத்தில் படி ஏறுமே! கனடாவில் நான் இருக்கும் ஸ்காபரோவிலும் குடியிருப்பு ரோடுகள் வளைந்து வளைந்து முட்டுச்சந்தாகத்தான் முடிகின்றன. ஆனால் பல இடங்களில் இரண்டு வீட்டு வேலிக்கு நடுவே நடைபாதை விட்டிருக்கிறார்கள். அதால் நடந்தால் நேரே பஸ் நிற்கும் ரோடு. சமதரையில் அதைச் செய்கிறார்கள். கால்நடையாகவே வாழ்ந்த நம் மேட்டில் இருந்த பாதையையும் அடைக்கிறோம்.

மதிலை ஒட்டி இன்னும் ஒரு துண்டு விற்காமல் கிடக்கிறது. விலை பேசுவதற்கு முன்பே சொந்தக்காரரைப் பார்த்து, ஆள் நடக்க நாலடி விடச் சொல்லுங்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.