தாளிப்புப் புகைக்கு எந்த ஹுட்: மெல்லியதா, சிம்னியா, சாய்வானதா?

என் நாத்தனாருக்குச் சிங்கப்பூரின் தெங்காவில் நாலறை வீட்டுச் சாவி கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. போன சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் மூன்று ஹுட் படம் அனுப்பிவிட்டு, "அண்ணி, இதுல எதை எடுக்கட்டும்? உங்க வீட்ல மீன் பொரிச்சாலும் ஹால்ல வாடையே வரல. அந்த மாதிரி வேணும்" என்றாள். படங்களுக்கு அடியில் 400, 750, 1,300 என்று மூன்று எண்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்ற கணக்கு அது. 1,300 மேல்தான் அவளுக்குக் கண். அடுப்புக்கு மேல் மாட்டிப் புகையை இழுக்கிற இந்தக் கருவியை ஊரில் சிம்னி என்பார்கள், இங்கே எல்லாமே ஹுட். பெயர் எதுவானாலும், கடையில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது இந்த எண்தான்.

அவள் அடுப்படி மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரம். பெருக்கினால் இருபது கன மீட்டர்கூட வரவில்லை. அடுப்படிக் காற்று மணிக்குப் பத்திலிருந்து பதினைந்து தடவை மாற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. பதினைந்து என்றே வைத்தாலும் 300 போதும். நாம் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் என்று எண்ணெயில் போட்டு வீட்டையே தும்ம வைக்கிறவர்கள், அதனால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். 600. அப்புறம் 1,300 எதற்கு?

இப்படிப் பெரிய எண்ணோடு ஹுட் விற்கும் ஃபோட்டைல், ரோபாம் போன்ற நிறுவனங்கள் சீனத்தில் உருவானவை. அங்கே முப்பது மாடிக் கட்டடத்தில் வரிசையாக எல்லா வீட்டுப் புகையும் ஒரே பொதுப் புகைக்கூண்டுக்குள் போகும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சட்டி ஏறும்போது, கூண்டுக்குள் முண்டியடித்துத் தன் புகையையும் தள்ள மோட்டாருக்குப் பலம் வேண்டும். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டில் அப்படிப்பட்ட கூண்டு கிடையாது. நம் குழாய் நேராக ஜன்னல் பக்கம் வெளியே போகும், அல்லது வெளியே போகவே போகாது.

அந்த இரண்டாவது ரகத்தில் நான் சூடு பட்டிருக்கிறேன். எங்கள் முதல் வீட்டுக்கு ஹுட் வாங்கப் போனபோது விற்பனையாளர், "கரி ஃபில்டர் போட்டாப் போதும்மா, குழாய் எதுக்கு, அலமாரியில இடம்தான் வீணாகும்" என்றார். அதாவது புகையை உள்ளே இழுத்து, எண்ணெயை வலையில் பிடித்து, வாடையைக் கரியில் பிடித்து, மிச்சக் காற்றை அடுப்படிக்குள்ளேயே திருப்பி விடுவது. கரி வாடையை ஓரளவு பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீராவியைப் பிடிக்காது, கேஸ் சுடரிலிருந்து வரும் வாயுக்களையும் விட்டுவிடும். சில மாதங்களில் ஊறிப்போன கரியை மாற்றவும் வேண்டும். தினம் தாளிக்கிற வீட்டில் அந்த மாதங்கள் இன்னும் குறையும். தீபாவளிக்கு வீடு கழுவும்போது மாமியார் மேல் அலமாரிக் கதவில் விரலை வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. கதவு முழுக்கத் தேன் தடவினது போல மஞ்சள் பிசுக்கு. சூடான சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் தேய்த்தோம்.

அதனால் எந்த ஹுட் என்பதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி, காற்று எங்கே போகும் என்பதுதான். ஜன்னல் பக்கத்தில் இருந்தால் குழாய் வையுங்கள். வெளிச்சுவரில் துளை போடுவதற்கோ ஜன்னல் சட்டத்தில் கை வைப்பதற்கோ முன்பு வீவக விதிகளைப் பார்த்துவிடுங்கள், தனியார் அடுக்குமாடியான காண்டோ என்றால் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். பொதுத் தாழ்வாரத்தின் பக்கம் மட்டும் குழாயைத் திருப்ப வேண்டாம். குழம்பு வாடையால் அண்டை வீட்டாருக்குள் வந்த மனத்தாங்கல் சமரசப் பேச்சு வரை போன செய்தி 2011இல் வெளியாகி, அதே ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி நாடு முழுக்க ஆளாளுக்கு ஒரு சட்டி கறிக்குழம்பு வைத்தது பலருக்கு நினைவிருக்கும். ஊரே நம் பக்கம் நின்றது என்பது உண்மைதான். அதற்காக எதிர் வீட்டு வாசலில் நெத்திலி வாடையைக் கொட்ட முடியுமா?

இனி அவள் அனுப்பிய மூன்றும்.

முதலாவது மெல்லிய ஹுட், 400. மேல் அலமாரிக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும், சில நூறு வெள்ளியில் முடியும், அலமாரி இடம் போகாது. இதன் குறை மோட்டாரில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. தாளிப்புப் புகை சீராக வராது. கடுகு வெடித்ததும் குபீரென்று ஒரு மூட்டையாக எழும். அதை ஒரு நொடி தேக்கி வைக்க ஹுட்டுக்கு அடியில் குழி வேண்டும். இதில் அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் புகை முட்டி, முன் விளிம்பு வழியாக வழிந்து ஹாலுக்குப் போய்விடும், முன் அடுப்பில் சமைத்தால் இன்னும் மோசம். காலையில் தோசை, ராத்திரி மேகி என்று இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு இதுவே தாராளம்.

இரண்டாவது சிம்னி வகை, 750. கூடாரம் போல் அகன்று, நடுவில் தூண் ஏறும். புகை மூட்டை அந்தக் கூடாரத்துக்குள் தங்கி, மோட்டார் இழுக்கும்வரை காத்திருக்கும். அடுப்பை விட ஹுட் குறுகலாக இருக்கக் கூடாது. 80 சென்டிமீட்டர் அடுப்புக்கு 90 சென்டிமீட்டர் ஹுட். கேஸ் அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுவது வழக்கம், உங்கள் மாடலின் கையேடு சொல்வதே முடிவு. இதில் போவது இரண்டு அலமாரி. எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இந்த வகைதான்.

மூன்றாவது சாய்வான கண்ணாடி ஹுட், 1,300. விலையும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. வாய் பக்கவாட்டில், சட்டிக்கு வெகு அருகில் இருப்பதால் புகை மேலே ஏறுவதற்குள் பிடித்துவிடும். தலையும் இடிக்காது. சம்பால் வதக்க, கடாயில் பிரட்ட, இதை அடிக்க ஆளில்லை. பிளாச்சான் என்ற இறால் விழுதின் வாடையையே விழுங்கிவிடும். ஆனால் இதைக் கடாய்க்கென்று செய்திருக்கிறார்கள், நம் இட்லிப் பானைக்கு இல்லை. அக்கா வீட்டில் பார்த்தேன்: பத்துப் பேருக்குப் பிரியாணி அண்டாவை ஏற்றினால், அண்டாவின் விளிம்பு ஹுட்டின் வாய்க்கு நேராக வந்து நிற்கிறது. மூடியைத் திறந்ததும் ஆவி மொத்தமும் கண்ணாடியில் அடித்து, சொட்டுச் சொட்டாக அடுப்பில் விழுந்து சுரீர் சுரீர் என்கிறது. குக்கர் விசில் அடித்தால் தொடுதிரையில் பருப்புத் தண்ணீர்.

அவள் அனுப்பாத இன்னும் இரண்டு வகை உண்டு. இழுத்து நீட்டும் வகை, மெல்லியதின் ஒன்றுவிட்ட தம்பி. அடுப்பு மேடையிலேயே பொருத்திக் கீழ்நோக்கி இழுக்கும் வகை மேலே போகிற புகையோடு மல்லுக்கட்டும், தாளிக்கிறவர்களுக்கு வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். நாத்தனார் வீட்டில் அடுப்படிக்குச் சுவர் இல்லை, ஹாலோடு ஒன்று. அதிவேகத்தில் ஓட்டினால் வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி வாயசைப்பாகத்தான் தெரியும். ஆனால் பாதிச் சத்தம் மோட்டாருடையது அல்ல, குழாயுடையது. எங்கள் இரண்டாவது வீட்டில் ஹுட் மாட்ட வந்தவர், மிச்சமிருந்த நெளிவுக் குழாயை வெட்டாமல் அலமாரிக்குள் மலைப்பாம்பு மாதிரி சுருட்டி வைத்துவிட்டுப் போனார். பேருந்து பக்கத்தில் நின்று உறுமுவது போல இருந்தது. வேறொருவரைக் கூப்பிட்டு, 150 மில்லிமீட்டர் கெட்டிக் குழாயை ஒரே ஒரு வளைவோடு போட்ட பிறகு, அதே ஹுட்டில் சத்தமும் இறங்கியது, இழுப்பும் கூடியது. விளம்பர எண் குழாயின் நெளிவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஃபில்டரில் சன்ன வலையை விட எஃகுத் தகடுகள் அடுக்கிய வகை எனக்குப் பிடிக்கும். காற்று வளைந்து திரும்பும்போது எண்ணெய் தகட்டில் மோதி வழிந்துவிடும். வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறப்போட்டால் சரி.

கடையில் டிஷ்யூ தாளை ஒட்டவைத்துக் காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள், வாய்க்கு அருகில் எதுவும் ஒட்டும். மாட்டி முடித்ததும் வீட்டில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, அடுப்பை ஏற்றாமல், முன் அடுப்பின் வெளி விளிம்பில் பிடியுங்கள். புகைக்கோடு ஹுட்டை நோக்கி வளைந்தால் வேலை நடக்கிறது. நேராக மேலே போனால் ஹுட் பெயருக்குத்தான் இருக்கிறது. அப்போது எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்றும் பாருங்கள். எல்லாம் மூடியிருந்தால் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வராது, எந்த மோட்டாரும் திணறும். குழாய் வெளியே வரும் இடத்தை ஒட்டிய ஜன்னலைத் திறந்தாலோ, தள்ளிய புகை அப்படியே திரும்பி வரும். எதிர்ப்பக்கம், ஹால் ஜன்னலைத் திறங்கள்.

நாத்தனாரின் அடுப்பிலிருந்து ஜன்னல் ஒரு மீட்டர்தான். அவள் வீட்டுக்காரருக்கு ஞாயிறு தவறினாலும் மீன் வறுவல் தவறாது. மாதம் ஒருமுறை மாமியார் வீட்டு ஆட்கள், அண்டா. அதனால் இரண்டாவதை எடு என்று சொல்லிவிட்டேன். 90 சென்டிமீட்டர், தகட்டு ஃபில்டர், ஒற்றை வளைவுக் குழாய். 1,300ஐ மறந்துவிடு.

"அவரு ஆறடி அண்ணி, நெத்தியில இடிச்சுப்பாரே" என்றாள். நியாயமான பயம். பழைய அட்டைப்பெட்டியை ஹுட் அளவுக்கு வெட்டி, 70 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரில் டேப் போட்டு ஒட்டி, அவரை நிற்க வைத்துக் கிண்டுவது போல் நடிக்கச் சொன்னேன். அன்று ராத்திரியே வீடியோ வந்தது. வெறும் அடுப்படியில் கரண்டியும் கையுமாக மனுஷன் இல்லாத குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். பெட்டியின் விளிம்பு நெற்றிக்கு மூன்று விரல் முன்னால். உப்புப் பார்க்கக் குனிந்தபோது மட்டும் இடித்தது. 75க்கு ஏற்றி ஒட்டினார்கள்.