சதுரத் துளைக் காசுகளுக்குப் பெயர் எழுதி வையுங்கள்

திருகோணமலையில் நகைப் பட்டறை வைத்திருப்பவன் நான். எந்தக் காசு கையில் வந்தாலும் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பேன். எங்கள் ஊர் அருங்காட்சியகம் ஒன்றின் நாணயப் பெட்டி முன்னாலும் அந்தக் கண்ணோடுதான் நின்றேன். ஒல்லாந்தக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பனிக் காசுகளை நன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கம்பனி முத்திரைக்கு மேல் ‘T’ எழுத்துப் பொறித்த தடித்த செப்புக் காசைத் தவறவிடாதீர்கள். அந்த எழுத்து திருகோணமலையைக் குறிப்பது.

குறை அடுத்த தட்டில்தான். சதுரத் துளையிட்ட இரண்டு காசுகளுக்கு “கீழைத்தேய எழுத்துள்ள நாணயங்கள்” என்று ஒரே வரி. அதிலும் ஒன்று தலைகீழாகக் கிடக்கிறது.

பணியில் இருந்த பெண்ணிடம், “தங்கச்சி, பின்பக்கத்தைப் பார்க்க முடியுமா?” என்று கேட்டேன். “பொறுங்கள் ஐயா, கேட்டுவிட்டு வருகிறேன்” என்று போனவர், பொறுப்பாளரையே அழைத்து வந்துவிட்டார். அவர் கையுறை அணிந்து இரண்டையும் பொறுமையாகப் புரட்டிக் காட்டினார். இப்படிப்பட்ட உபசரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை, மனதாரப் பாராட்டுகிறேன்.

இரண்டும் சீனக் காசுகள். அச்சில் அடித்தவை அல்ல, உலோகத்தை உருக்கி வார்த்தவை. விளிம்பில் அரம் போட்ட தடம் இன்னும் தெரிகிறது. சதுரக் கம்பியில் கோத்தால் காசு சுழலாது, மொத்தமாக அராவிவிடலாம். தொழில் தெரிந்தவன் செய்த வேலை. எழுத்தை அறிய ஒரு வழி உண்டு. மேலே கூரை, அடியில் இரண்டு குட்டிக் கால்கள் உள்ள எழுத்து ‘பாவ்’, ‘செல்வம்’ என்று பொருள். அது இடப்பக்கம் வரும்படி திருப்பினால் காசு நேராகிவிடும். ஜப்பான், வியட்நாம் காசுகளிலும் அப்படித்தான். ஒன்றின் பின்புறம் நெட்டுக்குத்தாக இரண்டு மஞ்சு எழுத்துகள், அப்போது சீனத்தை ஆண்ட மஞ்சு இனத்தவருடையவை. முன்புறப் பெயரின்படி இது 1736 முதல் 1795 வரை ஆண்ட கியான்லொங் பேரரசரின் காசு. மற்றதன் பின்புறம் வெறுமை. முன்புற எழுத்துகளை மேலிருந்து வலமாகச் சுற்றிப் படித்தால் ‘யுவான்ஃபெங்’, அதாவது சொங் வம்சத்தின் 1078–1085 காலம்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். அதற்குச் சற்று முன்னே, 1077இல், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் போய், கயிற்றில் கோத்த 81,800 சரம் செப்புக் காசு பெற்றதாகச் சீன ஆவணம் சொல்கிறது. இலங்கையின் பழைய தலைநகரான யாப்பகூவவிலும் சொங் காசுகள் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு கதை உள்ள காசைப் பெயரில்லாமல் கிடத்தலாமா? பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துப் போகும் பெட்டி இது. மூன்று மொழியிலும் நாலு வரி எழுதி, காசுக்கு அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் பின்புறமும் தெரியும். பெரிய செலவில்லை. பொறுப்பாளரிடம் விவரங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஊழியர்களுக்கு ஐந்துக்கு ஐந்து, குறிப்புகளுக்கு இரண்டு. போகிறவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுபோங்கள். முற்பகலில் போவது நல்லது. பின்னேரம் ஜன்னல் வெயில் பெட்டிமேல் அடித்து எழுத்து தெரிவதில்லை.