கோடிங் தெரியாதவங்க போய் சேர லிப்ரெஆபீஸ் கியூஏ டீம் எப்படி இருக்கு?

ஓப்பன் சோர்ஸுக்கு ஏதாவது பண்ணணும், ஆனா எனக்கு ப்ரோக்ராமிங் வராதேன்னு சொல்றவங்களுக்கு நான் முதல்ல கைகாட்டுற இடம் லிப்ரெஆபீஸோட கியூஏ டீம் தான், அதாவது வேர்ட், எக்செல் மாதிரி வேலைகளைச் செய்யுற அந்த இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர் சரியா ஓடுதான்னு சோதிச்சுப் பாக்குற டீம். வாலண்டியரா உள்ள வர்றவங்க கிட்ட உன் வேலை இது, இது வரைக்கும் தான், அதுக்கு மேல டெவலப்பர் பாத்துப்பாருன்னு தெளிவா பிரிச்சு வச்சிருக்காங்க. பல ப்ராஜெக்ட்ல இது தான் இல்ல. முன்னாடி நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல, பேர் வேணாம், டெஸ்ட் பண்ண ஆள் வேணும் வாங்கன்னு கூப்பிட்டாங்க, போனா எதை டெஸ்ட் பண்ணணும், ஒரு ரிப்போர்ட்டை மூட நமக்கு உரிமை இருக்கா இல்லையா ஒண்ணுமே தெரியாது, ஒரே ரிப்போர்ட்டை ஆளுக்கொரு மாதிரி மாத்திக்கிட்டே இருந்தோம், கடைசில ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டோம்.

லிப்ரெஆபீஸ் 2010-ல ஓப்பன்ஆபீஸ்ல இருந்து பிரிஞ்சு வந்தது, நடத்துறது தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். பக், அதாவது சாஃப்ட்வேர்ல வர்ற பிழை எல்லாம் அவங்க பக்ஸில்லாங்கிற வெப்சைட்ல தான் பதிவாகும். புதுசா ஒருத்தர் ரிப்போர்ட் போட்டா அது அன்கன்ஃபர்ம்டுன்னு உக்காந்திருக்கும். ட்ரையாஜ் பண்றவரு, அதாவது வர்ற ரிப்போர்ட்டைச் சரிபாத்துப் பிரிக்கிறவரு, அதுல சொன்ன ஸ்டெப்ஸை அப்படியே செஞ்சு பாக்கணும், தன்னோட மெஷின்லயும் அதே பிரச்சனை வந்தா நியூன்னு மாத்தணும், அவ்ளோ தான். தான் போட்ட ரிப்போர்ட்டை தானே நியூ ஆக்கக் கூடாது, இன்னொருத்தர் பாத்து தான் ஆக்கணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் இது. எப்போ சரி பண்ணுவாங்க, யார் சரி பண்ணுவாங்கன்னு வாக்கு குடுக்குறது நம்ம வேலையே இல்ல. புதுசா வர்றவங்க இதுல தான் தடுமாறுவாங்க, ரிப்போர்ட் போட்டவரு கோவமா கேக்கும்போது நாம ஏதோ கம்பெனி ஆள் மாதிரி பதில் சொல்ல ஆரம்பிச்சிடுவோம், அது தேவையே இல்ல.

ஸ்டெப்ஸ் சரியா இல்ல, சாம்பிள் ஃபைல் இல்லன்னா நீட்இன்ஃபோன்னு மாத்திட்டு என்ன வேணும்னு கேக்கணும். ஆறு மாசம் வரைக்கும் பதிலே வரலன்னா தானா ஒரு நினைவூட்டல் போகும், அப்பவும் ஒண்ணும் வரலன்னா ஒரு மாசம் கழிச்சு மூடிடுவாங்க. இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், பக்ஸில்லால போடுற ஃபைலை எல்லாரும் பாக்கலாம், அதனால ஃபைல் கேக்கும்போதே பேர், போன் நம்பர், சம்பள விவரம் எல்லாம் எடுத்துட்டு அனுப்புங்கன்னு நாம தான் சொல்லணும். ஆபீஸ் கோப்பை அப்படியே தூக்கிப் போடுறவங்க நிறைய பேர்.

அப்புறம் ரிப்போர்ட்ல வெர்ஷன்னு ஒரு இடம் இருக்கும். அதுல நாம டெஸ்ட் பண்ண வெர்ஷனைப் போடக் கூடாது, அந்த பக் எந்தப் பழைய வெர்ஷன்ல இருந்தே இருக்கோ அதைப் போடணும். ஓப்பன்ஆபீஸ் காலத்துல இருந்தே வந்த பக்னா அதுக்குன்னு தனி ஆப்ஷனே இருக்கு.

ஆனா இந்த டீம்ல உண்மையிலேயே சூப்பரான விஷயம் பைபிசெக்ட் தான். முன்னாடி ஒழுங்கா இருந்து நடுவுல கெட்டுப் போன பக்கை ரெக்ரஷன்னு சொல்லுவாங்க. அது எந்த மாற்றத்தால கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்க சோர்ஸ் கோடை கம்பைல் பண்ணணும்னா, அதாவது ஓடுற ப்ரோக்ராமா மாத்தணும்னா நம்மால முடியாது, அதனால இவங்களே ரெடியா பில்ட் பண்ண, அப்படியே திறந்து ஓட்டக்கூடிய பைனரிகளை கிட் ரெப்போல, அதாவது மாற்றங்களை வரிசையா சேத்து வைக்கிற கிடங்குல அடுக்கி வச்சிருக்காங்க. டவுன்லோட் பல ஜிபி வரும், பொறுமை வேணும். இறக்கிட்டா கிட் பைசெக்ட்னு பாதி பாதியா தேடுற கமாண்டை ஓட்டி, நடு வெர்ஷனைத் திறந்து, ஃபைலைப் போட்டுப் பாத்து, நல்லா இருந்தா குட், கெட்டுருந்தா பேட்னு அடிச்சா போதும், ஒவ்வொரு தடவையும் மீதி பாதியா குறையும், 4000 மாற்றம் இருந்தாலும் 12 தடவைல வந்துடும். கடைசில ஒரு கமிட் நம்பர், அதாவது கெடுத்த மாற்றத்தோட அடையாள எண் வந்து நிக்கும், அதை ரிப்போர்ட்ல எழுதி, அதைச் செஞ்ச டெவலப்பரையும் அதே ரிப்போர்ட்ல சேத்து விடணும். ஒரு வரி கோடு எழுதத் தெரியாத ஆளால டெவலப்பரோட தேடுற வேலை பெரும்பாலும் மிச்சமாகுது.

நம்ம ஆளுங்க இங்க வரணும்னு நான் சொல்றதுக்கு தமிழும் ஒரு காரணம். கொ, கோ மாதிரி எழுத்துல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் வரும், நடுவுல புள்ளி வட்டம் வந்து நின்னா தமிழ் படிக்கிறவங்களுக்கு ஒரு பார்வைலயே தெரியும், ஆனா ஜெர்மனில உக்காந்து ட்ரையாஜ் பண்றவருக்கு அது சரியா தப்பான்னே தெரியாது. 2017-ல வந்த 5.3-ல இருந்து விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் எழுத்தை அடுக்குற வேலைக்கு ஹார்ஃப்பஸ்ங்கிற ஒரே சாஃப்ட்வேர் வந்துடுச்சு, அதனால முன்ன மாதிரி ஒவ்வொரு ஓஎஸ்லயும் ஒவ்வொரு விதமா உடையுற தொல்லை குறைவு, இருந்தாலும் ஃபாண்ட் பேர் எழுதாம ரிப்போர்ட் போட்டா யாராலயும் திரும்ப வர வைக்க முடியாது. பக்கே இல்லாத சமாச்சாரமும் வரும். ஸ்டைல்ல ஃபாண்ட் மாத்துனேன், இங்கிலீஷ் மட்டும் மாறுது, தமிழ் மாறலன்னு சொல்லுவாங்க, ஏன்னா தமிழ் மாதிரி எழுத்துகளுக்கு காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்னு ஒரு தனிப் பகுதி, அதுல தனி ஃபாண்ட், தனி சைஸ் இருக்கு. அதைப் பொறுமையா விளக்கி ரிப்போர்ட்டை முடிக்கிறதும் நம்ம வேலை தான்.

டெஸ்டிங் பக்கம் வேணும்னா தினசரி பில்ட், ஆல்ஃபா, பீட்டான்னு ரிலீஸுக்கு முன்னாடி சோதிக்கிற வெர்ஷன் எல்லாம் கிடைக்கும். தினசரி பில்ட் லிப்ரெஆபீஸ்டெவ்னு தனியா, தனி ப்ரொஃபைலோட (செட்டிங்ஸோட) இன்ஸ்டால் ஆகும், நாம வேலைக்கு வச்சிருக்குறதைத் தொடாது, பயப்பட வேணாம். வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ், 2024-ல இருந்து 24.2, 24.8னு வருஷம் மாசம் வச்சு தான் நம்பர், ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னாடி இருக்குற வாரங்கள்ல தான் ஆள் ரொம்ப தேவை.

குறைன்னா, வழிகாட்டி எல்லாம் விக்கில பல பக்கமா சிதறி இருக்கு, இங்கிலீஷ் நல்லா படிக்கத் தெரியணும். ஒரு வருஷத்துக்கு மேல யாரும் தொடாத நியூ பக்ல இன்னும் வருதான்னு பாத்துச் சொல்லுங்கன்னு தானா கமெண்ட் வரும், அது தேவை தான், ஆனா மூணு நாலு வருஷமா அதே கேள்விக்கு பதில் சொல்ற யூசருக்கு எரிச்சல் வரும், அது நியாயம். அந்த இடத்துல ஒரு மனுஷன் போய் ரெண்டு வரி எழுதுனா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது. உபுண்டுங்கிற லினக்ஸ் ஓஎஸ்ல பாருங்க, பக் ஸ்குவாட்னு அவங்க ட்ரையாஜ் டீம்ல யார் வேணா சேரலாம், ஆனா ஒரு பக் எவ்வளவு முக்கியம்னு குறிக்கணும்னா பக் கன்ட்ரோல் டீம்ல இருக்கணும், அதுக்கு நாம ட்ரையாஜ் பண்ண ரிப்போர்ட்டுகளைக் காட்டி விண்ணப்பிக்கணும். அடுத்த படி என்னன்னு ஆரம்பத்துலயே கண்ணுக்குத் தெரியுது, லிப்ரெஆபீஸ்லயும் அப்படி ஒண்ணு வச்சா ஆள் நிலைக்கும்.

சேரணும்னு நினைக்கிறவங்க முதல் வாரமே பைபிசெக்ட் பக்கம் போகாதீங்க. அன்கன்ஃபர்ம்டு லிஸ்ட்ல ரைட்டரோ (வேர்ட் மாதிரி) கால்க்கோ (எக்செல் மாதிரி) நீங்க தினமும் யூஸ் பண்றது எதுவோ அதை மட்டும் ஃபில்டர் பண்ணி, சாம்பிள் ஃபைல் இருக்குற ரிப்போர்ட்டா எடுங்க, கமெண்ட்ல உங்க வெர்ஷன், ஓஎஸ் ரெண்டையும் மறக்காம எழுதுங்க, வந்துச்சா வரலயான்னு மட்டும் சொல்லுங்க. வரலன்னாலும் எழுதுங்க, அதுவும் அவங்களுக்கு வேணும்.