தேசியச் சரும நிலையத்தில் அப்பாவுக்குச் சிகிச்சை: அனுபவமும் கட்டணமும்

அப்பாவின் மூக்கோரத்தில் உளுந்தளவில் இருந்த கரும்புள்ளியை நாங்கள் பல ஆண்டுகளாக மச்சம் என்றே எண்ணியிருந்தோம். அந்த இடத்தில் மச்சம் இருப்பது யோகம் என்று அம்மா சொல்லிவந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் அப்பா வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரர்தான் ஒருநாள் கண்ணாடியில் சுட்டிக்காட்டி, "அண்ணே, போன மாசமும் இதுல ரத்தம் கசிஞ்சுது, இன்னும் ஆறலையே" என்றார். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து, வாழ்நாளில் பாதியை வெயிலில் கழித்தவர் அப்பா.

பதற்றத்தில் நான் முதலில் அவரை அழைத்துச் சென்றது நகர மையத்தில் உள்ள ஒரு தனியார் சரும மருந்தகத்திற்கு. மறுநாளே நேரம் கிடைத்தது, மருத்துவரும் பொறுமையாகவே பார்த்தார். திசுப் பரிசோதனைக்கும் அதைத் தொடர்ந்து அறுவைச் சிகிச்சைக்கும் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது, வரவேற்பு மேசையிலிருந்தவர் ஒரே ஒரு மொத்தத் தொகையை வாயால் சொன்னார். மருத்துவர் கட்டணம் எவ்வளவு, அறைக் கட்டணம் எவ்வளவு, ஆய்வுக்கூடத்திற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தருமாறு கேட்டதற்கு, முன்பணம் கட்டிய பிறகுதான் தர முடியும் என்றார். அறுவைச் சிகிச்சைகள் ஒவ்வொன்றுக்கும் சுகாதார அமைச்சின் பட்டியலில் ஒரு குறியீடு உண்டு. சம்பளத்திலிருந்து சேரும் கட்டாய மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்தக் குறியீடே முடிவு செய்கிறது. தனியார் மருத்துவர்களின் கட்டணங்களுக்கு அமைச்சு 2018 முதல் வெளியிட்டுவரும் அளவுகோல்களையும் அதை வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கட்டணத்தைப் பிரித்துக் காட்டவோ குறியீட்டைச் சொல்லவோ தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

வீடு திரும்பியதும் அக்காதான் சரியான வழியைச் சொன்னார். அரசாங்க நிலையங்களில் மானியம் கிடைக்க வேண்டுமானால் அரசாங்கத்தின் அடிப்படைச் சிகிச்சை நிலையமான பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். அக்கம்பக்கத்து மருந்தகங்களில் மானியம் தரும் சாஸ் திட்டத்தின் அட்டையோ மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை அட்டையோ வைத்திருப்பவர்கள் சாஸ் திட்டத்தில் உள்ள அக்கம்பக்கத்து மருத்துவரிடமிருந்தும் அதைப் பெறலாம். தனியார் நிபுணரின் கடிதத்துடனோ கடிதமே இல்லாமலோ நேரடியாகச் சென்றால் தனியார் நோயாளியாகப் பதிவாகிவிடும். பிறகு மானிய நிலைக்கு மாற விரும்பினால் மருத்துவ சமூக ஊழியர் குடும்பத்தின் நிதிநிலையை ஆராய வேண்டியிருக்கும். மானிய வழியில் மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டும். ஆறாத புண், ரத்தக் கசிவு, எத்தனை மாதமாக இருக்கிறது என்பதையெல்லாம் பலதுறை மருந்தக மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிக் கடிதத்தில் எழுதச் செய்வது மிகவும் உதவும். "மச்சத்தைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால் அவசரம் யாருக்கும் புரியாது.

நோவீனா எம்ஆர்டி நிலையத்திற்கு அருகே மண்டலே சாலையில் இருக்கும் தேசியச் சரும நிலையம் 1988ல் தொடங்கப்பட்டது. அங்கு அப்பாவைப் பார்த்த மருத்துவர், தோலோடு ஒட்டி வைக்கும் ஒரு சிறிய விளக்குக் கருவியால் அந்தப் புள்ளியை ஆராய்ந்துவிட்டு அன்றே திசு எடுத்தார். பேசல் செல் கார்சினோமா என்று முடிவு வந்தது. சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் சருமப் புற்றுநோய் இதுதான் என்றும், மெதுவாக வளரும், வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது என்றும் அவர் விளக்கிய பிறகுதான் அம்மாவின் முகம் தெளிந்தது. வெளிர்நிறத் தோலில் முத்துப்போல் பளபளக்கும் இந்தக் கட்டி ஆசியர்களின் தோலில் பெரும்பாலும் கறுத்துத் தெரிவதால்தான் மச்சம் என்று ஏமாந்துவிடுகிறோமாம்.

மூக்கு என்பதால் மோஸ் முறை அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஓர் அடுக்கை வெட்டி எடுத்து, உறைய வைத்து, அதன் விளிம்புகள் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எந்த மூலையில் புற்றணுக்கள் மிச்சமிருக்கின்றனவோ அங்கே மட்டும் மறுபடி வெட்டுகிறார்கள். நல்ல தோல் வீணாவதில்லை. அப்பாவுக்கு இரண்டு சுற்று. இடைப்பட்ட நேரத்தில் மூக்கில் பெரிய கட்டுடன் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொடுத்த இட்லியை அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். இப்போது தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கட்டணத்திற்கு வருகிறேன். சிறப்பு மருத்துவ நிலையங்களில் ஆலோசனைக்கான மானியம் குடும்பத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்து 70 விழுக்காடு வரை கிடைக்கும். வருமானமே இல்லாத குடும்பங்களுக்கு வீட்டின் ஆண்டு மதிப்பை (அதை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையை) கணக்கில் எடுக்கிறார்கள். 1949ஆம் ஆண்டு முடிவுக்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கு மீதித் தொகையில் பாதி கழிக்கப்படும். அவர்களை அடுத்து 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்குக் கால் பங்கு. ஆக, கட்டணம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால், உச்ச மானியம் பெறும் முன்னோடித் தலைமுறையினர் ஒருவர் 15 வெள்ளி கொடுத்தால் போதும். அறுவைச் சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்தினோம். அப்பாவின் கணக்கில் அதிகம் இல்லாததால் என் கணக்கிலிருந்து எடுத்தோம். பெற்றோருக்காக அப்படி எடுக்க அனுமதி உண்டு.

அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் கொடுத்துவிடும் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு சொல். குறிப்பிட்ட தொகை வரை நாமே கட்டிய பிறகுதான் அது கைகொடுக்கும். அதற்கு மேலும் 3 முதல் 10 விழுக்காடு நம் பங்கு. சிறிய சரும அறுவைச் சிகிச்சைக்கான மானியக் கட்டணம் பல வேளைகளில் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை. நோய் முற்றி மருந்துச் சிகிச்சை தேவைப்படுவோரின் கணக்கு வேறு. 2022 செப்டம்பர் முதல், அங்கீகரிக்கப்பட்ட புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. தொடங்குமுன் மருத்துவரிடம் அதைக் கேட்டுவிடுவது நல்லது. அழகுக்காக மச்சம் எடுப்பதற்கு மெடிசேவ் செல்லாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

தையல் பிரிக்கச் சென்ற அன்று மருத்துவர் அப்பாவைக் காலுறைகளைக் கழற்றச் சொன்னார். மூக்கில் வந்த நோய்க்குப் பாதத்தை ஏன் பார்க்கிறார் என்று அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய வகை, வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் தோன்றும் என்று சொல்லிக்கொண்டே அவர் விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தார். அம்மாவின் உள்ளங்காலிலும் ஒரு மச்சம் இருக்கிறது. அடுத்த வாரம் அவருக்குப் பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்திருக்கிறோம்.