நாகர்கோவிலில் ஒரு சிமுலேட்டர் வகுப்பு: சேரலாம், ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பைலட் ஆக நினைக்கும் பிள்ளைகள் பறக்க வெளியூர்தான் போக வேண்டும். அதற்கு முன்பே செஸ்னா 172 எஸ் என்ற சிறு விமானத்தின் சிமுலேட்டரில் செக் (பைலட்டின் திறனைப் பார்க்கும் பரீட்சை) பயிற்சி கொடுக்கிறது இந்த வகுப்பு.

குறுக்குக் காற்றுப் பாடம்தான் இங்கே உயிர். திருவனந்தபுரத்தின் 32-ஆம் ரன்வேயில் ஆடி மாதத்து மேல்காற்றை வைக்கிறார்கள்: 270 டிகிரியிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்). 32-ஆம் ரன்வே என்றால் சுமார் 320 டிகிரி திசை. இடைக்கோணம் 50 டிகிரி, ஆகவே குறுக்கே அடிப்பது சுமார் 15 நாட். சோதனையில் இந்த விமானம் சமாளித்துக் காட்டியதாகக் கையேடு சொல்லும் குறுக்குக் காற்றும் அதே 15. இடையில் 25 நாட் வீச்சு வந்தால் அது 19 ஆகிவிடும். பயிற்றுநர் "இறங்கு, பார்த்துக்கலாம்" என்று உசுப்பிவிடுவார். "இல்ல சார், கோ-அரவுண்ட்" என்று, இறங்காமல் மறுபடி மேலே ஏற முடிவெடுத்து மறுப்பவருக்குத்தான் மார்க். ஆரல்வாய்மொழிக் காற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

டேக்-ஆஃப் ஆனதும் தாழ்வான உயரத்தில் இன்ஜின் நிற்கும் பாடமும் உண்டு. ரன்வேக்கே திரும்பப் பார்ப்பவரை ஓட்டவிட்டு, பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். நேராகப் பறக்கையில் 48 நாட்டாக இருக்கும் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது), 45 டிகிரி பேங்கில், அதாவது பக்கவாட்டுச் சாய்வில், 57 ஆகிறது. திரும்பும் அவசரத்தில் மூக்கைத் தூக்கினால் கதை முடிந்தது. மூக்கைத் தாழ்த்தி, 68 நாட் பிடித்து, முன்னால் கிடைக்கும் இடத்தில் இறங்கு என்பதுதான் பாடம்.

குறை இதே பாடத்தில்தான். இன்ஜினை நிறுத்த மிக்ஸ்சரை (எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் பிடியை) இழுத்துவிடுகிறார்கள். திரையில் ரீசெட் இருக்கிறது, சரி. நிஜ விமானத்தில் தரைக்குப் பக்கத்தில் அப்படி அணைத்தால், மறுபடி பிடிக்காத இன்ஜின் பரீட்சையை விபத்தாக்கிவிடும். செக்கில் த்ராட்டிலை (பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) ஐடிலுக்குக் குறைத்தாலே போதும். பவர் கையிலேயே இருக்கும். கிளைடில், அதாவது பவர் இல்லாமல் சறுக்கி, இறங்கும்போது அவ்வப்போது த்ராட்டிலை முன்னுக்குத் தள்ளி இன்ஜினைச் சூடாக வைக்க வேண்டும், எந்த உயரத்தில் பயிற்சியை நிறுத்தி மேலே ஏறுவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைக்க வேண்டும். கார்புரேட்டர் உள்ள செஸ்னா 152-இல் த்ராட்டிலைக் குறைக்கும் முன் கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடாக்கும் வசதி) போட வேண்டும். இவை எதுவும் இங்கே சொல்லித்தரப்படவில்லை.

ரடர் பெடல் (வால் சுக்கானைத் திருப்பும் கால் மிதி) லொடலொடவென்று இருக்கிறது. அதை வைத்து கால் பழக்கம் பழக முடியாது. முடிவெடுக்கப் பழகுவதற்கு மட்டும் சேருங்கள். முதல் வகுப்பிலேயே மிக்ஸ்சர் விஷயத்தைக் கேட்டுவிடுங்கள்.