பிளம்பிநட்: கெடாத நிலக்கடலைப் பசை, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

92 கிராம் பாக்கெட், 500 கிலோகலோரி, பிரிக்காமல் வைத்தால் 24 மாதம் தாங்கும். அடுப்பு வேண்டாம், கரைக்கத் தண்ணீர் வேண்டாம். மூலையைக் கிழித்துப் பிதுக்கினால் போதும். கடுமையாக மெலிந்த, ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்காக 1996-இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாணும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கிய பசை இது. அதற்கு முன் எஃப்-100 என்ற பால் பவுடரை நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். கரைத்த பாலில் சில மணி நேரத்தில் கிருமி பெருகிவிடும். அதனால் குழந்தை மருத்துவமனையிலேயே இருந்தாக வேண்டும். அந்தப் பவுடரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிலக்கடலைப் பசையை வைத்தார்கள். குழந்தை வீட்டிலிருந்தே தேற வழி பிறந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் இந்த முறையைக் கூட்டறிக்கையில் ஏற்றுக்கொண்டன.

கெடாமல் இருப்பதற்குக் காரணம் பிரிசர்வேட்டிவ் அல்ல, வறட்சி. சர்க்கரைத் துகளையும் பால் துகளையும் எண்ணெய் போர்த்தியிருக்கிறது, ஈரம் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த வறட்சியில் பாக்டீரியா பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியா கொழுப்புக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பசையான பிறகு சூடேற்றினாலும் எளிதில் அழியாது. கடலையை வறுக்கும்போதே கொன்றுவிட வேண்டும். வறுத்த கடலையும் பச்சைக் கடலையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அரைக்கும் இயந்திரத்தைத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு ஓட்டுவது, இதைப் பார்த்துத் தாங்களும் செய்ய முனைபவர்கள் விடும் பெரிய தவறு.

இவ்வகைப் பசைக்குப் பரவலாக உள்ள அளவு, நூற்றுக்கு: கொழுப்பு நீக்காத பால் பவுடர் 30, சர்க்கரை 28, நிலக்கடலைப் பசை 25, தாவர எண்ணெய் 15, மீதி வைட்டமின்-தாதுக் கலவை. புரதத்தில் பாதியாவது பாலிலிருந்து வர வேண்டும். செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது பால்தான். வைக்கவே கூடாத இடமும் அதுதான். துகள் 200 மைக்ரானுக்கு (0.2 மி.மீ.) மேல் போனால் நாக்கில் நறநறக்கும், எண்ணெயும் சீக்கிரம் பிரியும். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. 2007 கூட்டறிக்கையின் வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். எனவே கடலையை வாங்கும்போதே சோதிக்க வேண்டும், சொத்தையைப் பொறுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இனிப்பு அதிகம், மேலண்ணத்தில் ஒட்டும், தாகம் எடுக்கும். பக்கத்தில் சுத்தமான குடிநீர் இல்லாமல் இதைக் கொடுப்பது தவறு. வெயிலில் வைத்த பாக்கெட்டில் எண்ணெய் மேலே மிதக்கும். கிழிக்கும் முன் நன்றாகப் பிசையாவிட்டால் முதல் வாயில் வெறும் எண்ணெய்தான். ஃபாயில் உறையில் ஊசித்துளை விழுந்தாலும் காற்று புகுந்து கொழுப்பு சிக்கு அடிக்கும். சேர்த்திருக்கும் இரும்புச்சத்தே அதை வேகப்படுத்தும். வைட்டமின் சி-யும் குறையத் தொடங்கும்.

மருந்தாக இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 8 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு இரண்டரை முதல் மூன்று பாக்கெட். எடை பார்த்து, பசி இருக்கிறதா என்று சோதித்த பிறகே. ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைக்கு மாலை நொறுக்காக இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அவர்களுக்குத் தேவை எடை மட்டுமல்ல. மென்று தின்னும் உணவு, குறைந்த சர்க்கரை, 200 கிலோகலோரி அளவில் சிறு பங்கு. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வறட்சியும் கொழுப்புப் போர்வையும். சர்க்கரையில் ஒரு பங்குக்குப் பதில் வறுத்த பயறு மாவு போடலாம். ஆனால் மாவு எண்ணெயை உறிஞ்சும், பசை இறுகும். எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி, மாவை இன்னும் நைசாக அரைக்க வேண்டும். வெல்லப்பாகோ தேனோ ஊற்றினால் ஈரம் உள்ளே வந்துவிடும், 24 மாதக் கணக்கு அங்கேயே முடிந்தது. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இந்தப் பசை எந்த வடிவிலும் கூடாது.