கறளுக்கு மேல் கறுப்புப் பூச்சு: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

கனடாவின் ஒன்ராறியோவில் செப்டெம்பர் பிறந்தால் போதும், கராஜ் வாசல்களில் "அண்டர்கோற்றிங்" (கறள், அதாவது துரு, பிடிக்காமல் காரின் அடிப்பக்கத்துக்கு அடிக்கிற பூச்சு) பலகை ஏறிவிடும். பத்து வயதைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் கறுப்பு றப்பர் பூச்சுக்குக் காசு எண்ணிக் கொடுக்குமுன் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

ஸ்காபரோவில் ஒரு கராஜ் (பெயர் வேண்டாம், இந்த வேலையைச் செய்வது அது ஒன்று மட்டுமல்ல) 2010 கொறோலா ஒன்றுக்கு 650 டொலர் வாங்கிக்கொண்டு "லைஃப்ரைம் கறள் பாதுகாப்பு" என்று அடித்துக் கொடுத்தது. காலையில் விட்ட கார் மத்தியானம் திரும்பக் கைக்கு வந்துவிட்டது. காசாகத் தந்தால் ரக்ஸ் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், ஆகவே ரசீதும் இல்லை. இரண்டு வின்ரர் போனபின் ரயர் மாற்ற ஜாக் வைத்தால், ஜாக் மேலே தூக்கவில்லை. தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

காரைத் தூக்குகிற ஹொயிஸ்ற்றில் ஏற்றிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்க ஒரே கறுப்பு. பார்க்க நல்ல வடிவு. ஸ்குறூ டிறைவர் நுனியால் ஓர் ஓரத்தைக் கிளப்பியதும் உள்ளங்கை அளவு தோல் அப்படியே கழன்று வந்தது. மூன்று மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். உள்பக்கம் ஈரம், அதுவும் ஓகஸ்ட் மாதத்தில். அதன் பின்னால் இருந்த தகடு அடுக்கடுக்காகப் பப்படம் மாதிரி நொருங்கி விழுந்தது. இடது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற றொக்கர் பனலில் தகடே இல்லை. ஓட்டைக்குள் ஜன்னல் இடுக்கு அடைக்கிற ஸ்பிரே ஃபோமை நிரப்பி, மேலே பொண்டோ (பள்ளம் நிரப்புகிற பசை) தடவி, உரஞ்சி, அதற்கு மேல் கறுப்பு அடித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய வேண்டிய துளை எல்லாம் அடைபட்டிருந்தது. சைலன்சர் ஆணி, ஹீற் ஷீல்ட், பிறேக் லைனைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப், எதையும் மறைக்காமல் ஒரே வீச்சாக அடித்த அடி. அந்தக் கிளிப் ஒன்றின் கீழே பிறேக் லைனில் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. இன்னும் சில கிழமை ஓடியிருந்தால், ஒரு நாள் பலமாக மிதிக்கிற நேரத்தில் பெடல் தரைக்குப் போயிருக்கும்.

றப்பர் பூச்சு கூடாத சாமான் அல்ல. புதுக் காரின் சுத்தமான தகட்டில் அடித்தால் கல் தெறிக்கிறதைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே கறள் பிடித்த தகட்டில்தான் அது விஷம். கறளின் நுண் இடுக்குகளில், வின்ரரில் வீதிக்குப் போடுகிற உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். மேலே மூடினால் அந்த ஈரம் காய வழியில்லை. குளிரில் பூச்சு விறைக்கும், கல் பட்டு வெடிக்கும், வெடிப்பால் புது உப்புத் தண்ணீர் உள்ளே போகும். போனது வெளியே வராது. மூடாமல் விட்டிருந்தாலாவது கறள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

அரை நாளில் முடிந்தது என்பதே களவுக்குச் சாட்சி. ஒழுங்காகச் செய்வதென்றால் அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீரால் பிரஷர் வொஷ் செய்து குறைந்தது ஒரு நாளாவது காயவிட வேண்டும். உதிர்கிற கறளைச் சுரண்டி, கம்பித் தூரிகை போட வேண்டும். ஓட்டை இருந்தால் நல்ல தகடு வரும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்ட் பண்ண வேண்டும். இத்தனையையும் அரை நாளில் செய்து முடிக்க ஏலாது.

பழைய காருக்குப் பொருத்தமானது வருடா வருடம் அடிக்கிற ஒயில் ஸ்பிரேதான். சாதாரணக் காருக்கு 150 டொலர் அளவில் வரும். அது காய்ந்து தோலாகாது. ஊர்ந்து ஊர்ந்து மடிப்புகளுக்குள் போகும், கறளுக்குள்ளும் ஊறும். அடிப்பக்கத்துக்கு மட்டும் அடித்துவிட்டு விட்டால் பாதி வேலைதான். கதவுகளின் உள்பக்கம், றொக்கர் பனல், பின்சில்லு வளைவின் மடிப்பு, டிக்கிக் கதவின் கீழ் விளிம்பு, பெற்றோல் ஊற்றுகிற குழாயைச் சுற்றி, பிறேக் லைன் ஓடுகிற முழு நீளம், பின் சப்ஃபிரேம் (பின்சில்லுகளின் சஸ்பென்ஷனைத் தாங்குகிற இரும்புச் சட்டம்) என்று எல்லாவற்றுக்கும் நீளக் குழாய் விட்டு அடித்தார்களா என்று கேளுங்கள். உள்ளறைகளுக்குப் போக அரை அங்குலத் துளை போட்டு பிளாஸ்டிக் மூடி வைப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு நாள் ஒயில் சொட்டும். சொட்டவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். பிறேக் டிஸ்க், பெல்ற், சைலன்சர் ஆகியவற்றில் படக்கூடாது. கதவு றப்பரில் பட்டால் துடைத்துவிடுங்கள், பெற்றோலிய ஒயில் அதை ஊதவைக்கும். கோடை முடிவில், காய்ந்த நாள் பார்த்துச் செய்தால் ஒயில் நன்றாக ஊரும்.

இன்னொன்று. சினோவும் (பனி) உப்புமாகக் காரைக் கொண்டுவந்து ஹீற்றர் போட்ட கராஜுக்குள் விடுவதை நல்ல பராமரிப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உறைகுளிரில் கறள் மெதுவாகத்தான் ஏறும். சூட்டில் சினோ உருகி உப்புத் தண்ணீரானதும் வேகம் பிடிக்கும். வெளியில் விட்டுவிட்டு, பூச்சியத்துக்கு மேல் வருகிற நாளில் அடிப்பக்கம் கழுவுவது மேல்.

பாவித்த கார் வாங்குபவர்களுக்கு இதே கறுப்பு வேறொரு ரூபத்தில் வரும். பதினைந்து வயதுக் காரின் அடிப்பக்கம் நேற்று அடித்ததுபோல் பளபளத்தால் விலகி நில்லுங்கள். பிறிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி றொக்கர் பனல் நெடுக நகர்த்திப் பாருங்கள்; பிடி விடுகிற இடத்தில் பொண்டோ. விரல் முட்டியால் தட்டினால் தகடு கணீரென்னும், ஃபோம் மொத்தென்னும். ஜாக் வைக்கிற விளிம்பைக் கையால் தடவுங்கள். மஸ்டா 3 முதல் தலைமுறை என்றால் பின்சில்லு வளைவை முதலில் பாருங்கள். ரொயோற்றா என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம்: 1995 முதல் 2000 வரையான டகோமா பிக்கப்களின் சேஸி கறளுக்காக, 2008இல் அந்தக் கொம்பனியே பல வண்டிகளைத் திருப்பி வாங்கியது.

விற்பவர் "சேஃப்ரியோடு தாறன்", அதாவது பாதுகாப்புச் சான்றிதழோடு தருகிறேன், என்பதும் பெரிய காப்பு அல்ல. ஒன்ராறியோவில் அந்தச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். பரிசோதித்த அன்று கார் குறைந்தபட்ச அளவைத் தாண்டியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. விற்பவருக்குத் தெரியாத ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், ஹொயிஸ்ற்றில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். டீலரிடம் வாங்கிவிட்டுப் பிறகு மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் அவகாசம் இல்லை. பலர் இருக்கிறது என்று நம்பிக் கையெழுத்து வைக்கிறார்கள்.

திருத்த வேலைக்குச் சட்டம் ஓரளவு கை கொடுக்கும், ஆனால் கடதாசி இருந்தால்தான். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக வாங்க முடியாது. போட்ட பாகங்களுக்கும் அதற்கான கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம். 13 வீத வரியை மிச்சம் பிடிக்க ரசீதை விட்டால் இத்தனையும் போச்சு. "லைஃப்ரைம்" உத்தரவாதத்தின் பின்பக்கத்தையும் வாசியுங்கள்: ஒவ்வொரு வருடமும் அவர்களிடமே வரவேண்டும், தகடு உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுந்தால் மட்டும், பழைய கறள் சேராது என்று இருக்கும். பழைய காருக்கு அதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? முழுவதையும் உரிக்கப் போக வேண்டாம், நன்றாக ஒட்டியிருப்பது இருக்கட்டும். கிளம்பிய ஓரங்களைச் சுரண்டி எடுத்து, தண்ணீர்த் துளைகளைத் திறந்து, அந்த ஓரங்கள் வழியாக உள்ளே ஒயில் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள், காரைத் தாங்கி நிற்கிற ஸ்ராண்ட் வேண்டும். பிறேக் லைனைத் தனியாகப் பார்ப்பியுங்கள். மாற்ற வேண்டி வந்தால் செம்பு-நிக்கல் குழாய் கேளுங்கள். அது உப்புக்கு அசையாது, வளைப்பதும் சுகம். றொக்கர் பனல் மட்டும் போயிருந்தால் வெல்ட் பண்ணலாம். சப்ஃபிரேம் பூட்டுகிற இடமோ பின் சஸ்பென்ஷன் ஏறி நிற்கிற இடமோ கையால் அழுத்த உள்ளே போனால், அந்தக் காருக்கு மேலும் காசு போடாமல் பழைய இரும்பு விலைக்கு விட்டுவிடுங்கள்.